ஆர்மீனியன் ஸ்திரீட்டில் நூறு இருக்கை கேட்டவர்

1980களின் நடுப்பகுதியில் அரசாங்கத்தின் பார்வைக்கு ஒரு யோசனை வந்தது. ஆர்மீனியன் ஸ்திரீட், 45ஆம் எண் கட்டடம் பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது. 1920களில் கட்டப்பட்ட அந்தப் பழைய துணை மின்நிலையத்தைக் கலைஞர்கள் புழங்கும் இடமாக மாற்றலாம் என்பது அதன் சாரம். யோசனையில் புதுமை இருந்தது. அதைவிட, யோசனையைக் கொடுத்தவர் யார் என்பதில்தான் வியப்பு இருந்தது.

அவர் விசாரணையின்றி நான்கு ஆண்டு ஏழு மாதம் தடுப்புக்காவலில் இருந்து வந்தவர். சிங்கப்பூர்க் குடியுரிமை பறிக்கப்பட்டவர். தன்னைச் சிறையில் வைத்த அரசாங்கத்திடமே ஒரு கட்டடம் கேட்டார். அதுவும் பெரிய மண்டபம் அல்ல. சுமார் நூறு பேர் உட்காரக்கூடிய ஓர் அரங்கு, ஒரு காட்சிக்கூடம், ஒத்திகைக்கு அறைகள், பின்னால் ஒரு தோட்டம். அவ்வளவுதான்.

அவர் பெயர் குவோ பாவ் குன். சிங்கப்பூர் நாடகத்தைப் பற்றி எந்த மொழியில் பேசினாலும் அவர் பெயரைத் தவிர்க்க முடியாது. தமிழ் மேடைக்கும் அதில் ஒரு தொடர்பு இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

வானொலியில் தொடங்கிய குரல்

குவோ 1939ல் சீனாவின் ஹெபெய் மாநிலத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தார். தந்தை சிங்கப்பூரில் வணிகம் செய்துகொண்டிருந்தார். பெய்ஜிங், ஹாங்காங் வழியாக 1949ல் சிறுவன் இங்கு வந்து சேர்ந்தபோது வயது 10. பெய்ஜிங் மாண்டரின் பேசிய அந்தச் சிறுவனின் காதில் விழுந்ததோ ஹொக்கியன், தியோச்சு, கான்டனீஸ், மலாய், தமிழ். சீனமொழிப் பள்ளி, ஆங்கிலப் பள்ளி என்று மாறி மாறிப் படித்தார். மாணவர் போராட்டங்கள் கொதித்த 1950களில் இடையே ஹாங்காங்குக்கும் அனுப்பப்பட்டார்.

பதின்ம வயதிலேயே ரெடிஃபியூஷன் வானொலியின் மாண்டரின் நாடகக் குழுவில் சேர்ந்தார். வீட்டுக்கு வீடு கம்பிவழி ஒலித்த வானொலி அது. முகம் தெரியாத நேயரிடம் குரலை மட்டும் கொண்டு பேசும் பயிற்சி அவருக்கு அங்கே கிடைத்தது. 1959ல் மெல்பர்னுக்குச் சென்று ஆஸ்திரேலிய வானொலியில் மொழிபெயர்ப்பாளராகவும் அறிவிப்பாளராகவும் வேலை பார்த்தார். பின்னர் சிட்னியின் தேசிய நாடகக் கலைக் கழகத்தில் பயின்று 1965ல் திரும்பினார்.

அதே ஆண்டு, மெல்பர்னில் நடனம் பயின்ற கோ லே குவானை மணந்தார். இருவரும் சேர்ந்து ஜூலை 1ஆம் தேதி நாடகமும் நடனமும் கற்பிக்கும் பள்ளியைத் தொடங்கினார்கள். சிங்கப்பூர் தனி நாடாவதற்கு இன்னும் 40 நாள்கூட ஆகாத நேரம் அது. நாட்டைவிடப் பள்ளிக்குச் சில வாரம் வயது அதிகம்.

அந்தப் பள்ளியிலிருந்து ஒரு தலைமுறை சீனமொழி நடிகர்கள் உருவானார்கள். 1967ல் பிரெக்டின் 'காக்கேசிய வெண்கட்டி வட்டம்' நாடகத்தை மாண்டரினில் மேடையேற்றினார் குவோ. பிறகு அவர் எழுதியவை தொழிலாளர், குடியிருப்புகளை இழந்தவர்கள், வேகமாக மாறும் நகரில் நசுங்கும் எளியவர்கள் பற்றியவை. சில நாடகங்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் பள்ளியின் இளையர்கள் உழைக்கும் மக்களோடு போய்த் தங்கி, வேலை செய்து, அங்கு கண்டதைக் கலையாக்க முயன்றார்கள். அந்தக் காலச் சிங்கப்பூரில் இது எப்படிப் பார்க்கப்பட்டிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

1976 மார்ச் மாதம் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பலர் கைது செய்யப்பட்டனர். கம்யூனிசச் சதியில் தொடர்பு என்பது குற்றச்சாட்டு. குவோவும் கோ லே குவானும் அவர்களில் அடங்குவர். வீட்டில் இரண்டு சிறு பெண்குழந்தைகள். தாய் முன்னதாக விடுவிக்கப்பட்டார். தந்தை 1980 அக்டோபர் வரை உள்ளேயே இருந்தார். 1977ல் குடியுரிமையும் போயிற்று.

வெளியே வந்தபோது மாறியிருந்த ஊர்

குவோ காவலில் இருந்த காலத்தில் ஊரின் பேச்சே மாறத் தொடங்கியிருந்தது. 1979ல் மாண்டரின் பேசும் இயக்கம் தொடங்கப்பட்டது. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஹொக்கியன், கான்டனீஸ் போன்ற வட்டாரமொழி நிகழ்ச்சிகள் படிப்படியாக நிறுத்தப்பட்டன. 1980ல் நன்யாங் பல்கலைக்கழகம் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டது. 1987க்குள் பள்ளிகள் எல்லாம் ஆங்கிலத்தை முதல்மொழியாகக் கொண்டன. பாட்டிக்குத் தெரிந்த மொழி பேரனுக்குத் தெரியாது, பேரன் படிக்கும் மொழி பாட்டிக்குப் புரியாது என்ற நிலை பல சீனக் குடும்பங்களில் உருவாயிற்று. தமிழ்க் குடும்பங்களுக்கு இது அந்நியமான கதையா என்ன?

விடுதலைக்குப் பிறகும் 1983 வரை அவர் எங்கே தங்கலாம், எங்கே போகலாம் என்பதில் கட்டுப்பாடு இருந்தது. ஆனால் 1982ல், 14 சீன நாடகக் குழுக்கள் சேர்ந்து வழங்கிய 'சின்ன வெள்ளைப் பாய்மரப் படகு' வழியாக அவர் மேடைக்குத் திரும்பிவிட்டார். கொள்கை முழக்கம் குறைந்து, மனிதர்களின் சின்னச் சின்னச் சங்கடங்களைக் கவனிக்கும் எழுத்தாளராக அவர் மாறியது இந்தக் காலத்தில்தான். பயந்து ஒதுங்கினார் என்று இதை எடுத்துக்கொள்ள முடியாது. அடுத்து வந்த நாடகங்களைப் படித்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

குழியைவிடச் சவப்பெட்டி பெரிது என்ற பொருள்படும் தலைப்பில் 1984ல் ஓராள் நாடகம் ஒன்றை எழுதினார். தாத்தாவின் சவப்பெட்டி மிகப் பெரியது. மயானத்தில் வெட்டிய குழியோ எல்லாருக்கும் ஒரே அளவு. ஒருவருக்கு ஒரு குழிதான் என்பது விதி. பேரன் நின்று கெஞ்ச வேண்டியிருக்கிறது. கதை இவ்வளவே. சிரித்துக்கொண்டே பார்த்தவர்கள் வீட்டுக்குப் போகும் வழியில் வேறு எதையோ யோசித்திருப்பார்கள். 1986ல் எழுதிய இன்னொரு ஓராள் நாடகத்தில், வாகன நிறுத்த அபராதங்களை எதிர்த்து வாதாடி வாதாடித் தோற்று, கடைசியில் பேசாமல் பணம் கட்டக் கற்றுக்கொள்கிறார் ஒரு தந்தை. மகன் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ஒரு நடிகர், ஒரு நாற்காலி, கொஞ்சம் வெளிச்சம். இந்த நாடகங்களுக்கு வேறெதுவும் வேண்டாம். ஆயிரம் பேர் முன்னிலையில் ஒலிவாங்கி பிடித்து இவற்றைச் சொன்னால் பாதி உயிர் போய்விடும். பக்கத்து வீட்டுக்காரர் தம் வீட்டு வம்பைச் சொல்வதுபோல் நடிகர் பேச வேண்டும். அவர் தயங்கி நிற்கும் கணம் கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும். தாம் எழுதும் நாடகத்துக்குத் தக்க இடம் ஊரில் போதவில்லை என்பது குவோவுக்குக் கைப்பழக்கத்தில் தெரிந்த உண்மை.

பூனையைத் தேடிய இரு முதியவர்கள்

1988ல் அவர் மேடையேற்றிய 'பூனையைத் தேடும் அம்மா' சிங்கப்பூரின் முதல் பன்மொழி நாடகம் என்று குறிப்பிடப்படுகிறது. ஆங்கிலம், மாண்டரின், ஹொக்கியன், தமிழ் என்று பல மொழிகள் ஒரே மேடையில் கலந்தன. வெவ்வேறு மொழி நாடகக் குழுக்களில் இருந்தவர்களை ஒன்றாக உட்காரவைத்து, ஒத்திகையிலேயே காட்சிகளை வளர்த்து உருவாக்கிய நாடகம் இது. மொழிபெயர்ப்புக் காகிதம் கையில் கொடுத்து எல்லாருக்கும் எல்லாவற்றையும் புரியவைக்கும் எண்ணம் அவருக்கு இல்லை. புரியாமல் போவதும் நாடகத்தின் பொருளில் ஒரு பங்கு.

அதில் ஹொக்கியன் மட்டுமே தெரிந்த ஒரு தாய். ஆங்கிலமும் மாண்டரினும் படித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அவருடன் பேசப் பொறுமையில்லை. அவருக்குத் துணை ஒரு பூனைதான். அது காணாமல் போகிறது. தேடிப் போன இடத்தில் ஓர் இந்திய முதியவரைச் சந்திக்கிறார். அவரும் தம் பூனையைத் தேடுகிறார். அவர் பேசுவது தமிழ். இவருக்குத் தமிழ் தெரியாது, அவருக்கு ஹொக்கியன் தெரியாது. கையைக் காட்டி, பூனைபோல் கத்தி, வாலை வரைந்து இருவரும் தங்கள் பூனைகளைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். பெற்ற பிள்ளைகளோடு முடியாத உரையாடல் ஒரு தமிழ்த் தாத்தாவோடு முடிகிறது.

சிங்கப்பூர் நாடக வரலாற்றில் இந்தக் காட்சிக்கு இருக்கும் இடம் பெரிது. அதில் தமிழ் வெறும் அலங்காரமாக வரவில்லை. நான்கு அதிகாரத்துவ மொழிகளையும் வரிசையாகக் காட்டும் தேசிய தின மேடைகளில் தமிழ் ஒலிப்பதற்கும், ஒரு கிழவி காது கொடுத்துக் கேட்கும் மொழியாகத் தமிழ் ஒலிப்பதற்கும் வேறுபாடு உண்டு.

இப்படிப்பட்ட சோதனைகளை வாடகை மண்டபத்தில் இரண்டு நாள் செய்துவிட்டுக் கலைந்துபோனால் போதாது. மலாய்க் குழு, தமிழ்க் குழு, சீனக் குழு, ஆங்கிலக் குழு என்று தனித்தனியாக இயங்குபவர்கள் தற்செயலாகவாவது ஒருவரையொருவர் சந்திக்க ஒரு வீடு வேண்டும். ஆர்மீனியன் ஸ்திரீட் கட்டடத்தை அவர் கேட்டது இதற்காகத்தான்.

மின்சாரம் போன வீட்டில்

அனுமதி கிடைத்தது. புதுப்பிக்கும் பணி நடந்தது. 1990 செப்டம்பரில் 'தி சப்ஸ்டேஷன்' திறக்கப்பட்டது. மின்நிலையம் என்ற பழைய அடையாளத்தையே பெயராக வைத்துக்கொண்டார்கள். சிங்கப்பூரின் முதல் சுயேச்சைக் கலை நிலையம் அது. குவோ அதன் முதல் கலை இயக்குநர்.

அதே 1990ல் நாட்டின் மிக உயரிய கலை விருதான கலாசாரப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. அப்போதும் அவர் குடிமகன் அல்லர். குடியுரிமை திரும்ப வந்தது 1992ல். விருது முன்னால், குடியுரிமை பின்னால். இந்த வரிசையை அவர் பெரிதாகப் பேசித் திரியவில்லை. அவருக்கு நிரப்ப ஓர் அரங்கு இருந்தது.

உள்ளே இருந்த கின்னஸ் அரங்கு, கறுப்புச் சுவர்களுக்கு நடுவே பார்வையாளர் நடிகரை ஏறக்குறையத் தொடும் தூரத்தில் அமரும் அறை. மாடியில் நடனப் பயிற்சிக்கும் வகுப்புகளுக்கும் இடம். கீழே ஓவியக்கூடம். பின்புறத் தோட்டத்தில் மரநிழலில் சந்தை, கவிதை வாசிப்பு, இரவில் உள்ளூர் ராக் குழுக்களின் கச்சேரி. சொந்தப் பாட்டு எழுதிய இளையர்களுக்கு அன்று வேறு மேடை அரிது. பிறர் பாட்டைப் பாடினால் விடுதிகளில் வேலை கிடைக்கும். தம் பாட்டைப் பாட இந்தத் தோட்டம்தான்.

யாரை உள்ளே விடுவது என்பதில் குவோ வைத்த அளவுகோல் அலாதியானது. முன் அனுபவம் என்ன, எத்தனை சீட்டு விற்கும் என்பவை முதல் கேள்விகளாக இருக்கவில்லை. புதிதாக எதையாவது உண்மையாக முயல்கிறார்களா என்று பார்த்தார். நன்றாக முயன்று தோற்பது, சுமாராகச் செய்து பாராட்டு வாங்குவதைவிட மேல் என்பது அவர் திரும்பத் திரும்பச் சொல்லிவந்த கருத்து. மதிப்பெண்ணும் தரவரிசையும் வாழ்க்கையை நடத்தும் ஊரில் தோல்விக்கு இடம் கேட்டது சாதாரணமில்லை. தோல்வி மலிவாக இருந்தால்தான் துணிச்சல் பிறக்கும். நூறு பேர் முன்னால் தோற்றால் மறுவாரம் எழுந்து வந்துவிடலாம். இரண்டாயிரம் இருக்கையில் தோற்றால் குழுவே கடனில் மூழ்கும்.

சின்ன அரங்குக்கு ஒரு கணக்கு உண்டு. அது கொஞ்சம் கொடுமையானது. நூறு இருக்கை, ஒரு சீட்டு 15 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஓர் இரவு முழுதும் நிறைந்தாலும் வருவது 1,500 வெள்ளி. ஒளியமைப்பு, ஒத்திகை நாள்கள், நடிகர்களுக்குப் போக்குவரத்துச் செலவு என்று பிரித்தால் எதுவும் மிஞ்சாது. அதனால் சின்ன அரங்கு சீட்டு விற்று மட்டும் பிழைக்க முடியாது. குறைந்த வாடகை, நன்கொடையாளர், சம்பளத்தைப் பற்றி முணுமுணுக்காத ஊழியர்கள் ஆகிய மூன்றும் வேண்டும். அரங்கின் பெயரிலேயே நன்கொடையாளரின் அடையாளம் இருந்ததற்கு அதுதான் காரணம். ஐந்து ஆண்டுகள் குவோ எழுதியது பாதி, பணம் திரட்டியது பாதி என்று சொன்னால் மிகையாகாது.

கலைஞர்கள் கூடினால் நாடகம் மட்டுமா நடக்கும்? வாக்குவாதமும் நடக்கும். குவோ அதற்கும் இடம் ஒதுக்கினார். 1993ல் சப்ஸ்டேஷன் நடத்திய கருத்தரங்கு, கலையைக் கலைஞர்களே கேள்வி கேட்கும் மேடையாக அமைந்தது. 1994 தொடக்கத்தில் வேறோர் இடத்தில் நடந்த நிகழ்வுக்குப் பிறகு, நிகழ்த்துகலைக்கும் பார்வையாளர் பங்கேற்கும் நாடகத்துக்கும் அரசாங்க நிதி நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ பத்து ஆண்டு நீடித்த நிலை அது. கலைஞர் வட்டாரமே சுருங்கிப்போன அந்தப் பருவத்தில், கதவைத் திறந்து வைத்திருப்பதே ஒரு வேலையாக இருந்தது. தடுப்புக்காவல் அனுபவம் உள்ள ஒருவர், எங்கே தள்ள வேண்டும், எங்கே காத்திருக்க வேண்டும் என்று அறிந்து நடந்தார். அவர் அளவுக்கு மீறிப் பொறுமை காட்டினார் என்று அன்று குறைப்பட்ட இளையர்களும் இருந்திருக்கலாம். ஆனால் கட்டடம் மூடப்படவில்லை.

1995ல் இயக்குநர் பொறுப்பை விட்டார். நாடக விமர்சகராக அறியப்பட்ட டி. சசிதரன் அடுத்து அதை ஏற்றார். தாம் தொடங்கிய இடத்தைத் தம் வீட்டுச் சொத்தாக்கிக்கொள்ளாமல், வேறு இனத்தவரான ஒருவரிடம் கொடுத்துவிட்டு நகர்ந்தது குவோவின் குணத்தைக் காட்டுகிறது.

கடைசி ஆண்டுகள்

அதே 1995ல், மிங் வம்சத்துக் கடற்படைத் தளபதி செங் ஹவின் வாழ்க்கையை இன்றைய அலுவலக ஊழியர்களின் மனநிலையோடு பின்னிய நாடகம் வந்தது. பலரும் அவருடைய சிறந்த படைப்பு என்று கருதுவது அதைத்தான். மாண்டரினிலும் ஆங்கிலத்திலும் ஒருசேர எழுதக்கூடியவர் என்பதால் அவர் நாடகங்கள் இரண்டு பார்வையாளர் கூட்டங்களுக்கும் மூலப் பிரதியாகவே சென்றன.

2000ஆம் ஆண்டில் சசிதரனோடு சேர்ந்து நடிகர் பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். ஜப்பானிய நோ, பெய்ஜிங் ஓப்பரா, ஜாவாவின் வாயாங் வோங், கேரளத்தின் கூடியாட்டம் போன்ற ஆசிய மரபுகளை மாணவர்கள் அந்தந்த ஆசான்களிடமே உடம்பால் கற்கும் பள்ளியாக அது வளர்ந்தது. இன்று 'இன்டர்கல்ச்சுரல் தியேட்டர் இன்ஸ்டிடியூட்' என்ற பெயரில் இயங்குகிறது.

2002 செப்டம்பர் 10ஆம் தேதி புற்றுநோயால் குவோ காலமானார். வயது 63.

ஒரு மாதமும் இரண்டு நாளும் கழித்து, அக்டோபர் 12ஆம் தேதி, மரினா நீர்முகப்பில் எஸ்பிளனேட் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 1,600 இருக்கை கொண்ட இசையரங்கு, ஏறத்தாழ 2,000 இருக்கை கொண்ட நாடக அரங்கு. உலகக் குழுக்களை வரவேற்க ஊருக்கு அது தேவைதான். ஆனால் முதல் திட்டத்தில் பேசப்பட்ட நடுத்தர அளவு அரங்குகள் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைக்கப்பட்டன. உள்ளூர்க் குழுக்களுக்கு உண்மையில் பொருந்தும் அளவு அதுதான் என்று கலைஞர்கள் அப்போதே குறைப்பட்டார்கள். அந்த அளவில் 550 இருக்கை கொண்ட நீர்முகப்பு அரங்கு ஒன்று எஸ்பிளனேட்டில் திறக்கப்பட 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சப்ஸ்டேஷனின் கதை நேர்கோட்டில் போகவில்லை. வருமானத்துக்காகப் பின்தோட்டம் உணவகத்துக்கு விடப்பட்டது. ராக் கச்சேரிகள் நடந்த இடத்தில் மேசைகள் வந்தன. 2021ல் கட்டடத்தைப் புதுப்பிக்க வேண்டும், அதன்பின் பிற குழுக்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று தேசிய கலை மன்றம் அறிவித்தது. நிலையமே மூடப்படும் என்ற செய்தி அந்த ஆண்டு மார்ச்சில் வந்தபோது, அங்கு முதல் நாடகம் போட்டவர்கள், முதல் கவிதை படித்தவர்கள் எல்லாரும் எழுதித் தீர்த்தார்கள். ஜூலையில் சாவி ஒப்படைக்கப்பட்டது. அமைப்பு கலையவில்லை. சொந்தக் கூரை இல்லாமல் தொடர்கிறது.

குவோ 1965ல் தொடங்கிய பள்ளியின் வழிவந்த 'தி தியேட்டர் பிராக்டிஸ்' நாடகக் குழு வாட்டர்லூ ஸ்திரீட்டில் இருக்கிறது. பெற்றோர் காவலில் இருந்தபோது சிறுமியாக இருந்த மூத்த மகள் குவோ ஜியான் ஹோங் அதன் கலை இயக்குநர். பழைய கடைவீடுகளைப் புதுப்பித்த அந்த வளாகத்தில் ஒரு முற்றமும் ஒரு சின்னக் கறுப்பு அரங்கும் உண்டு. ஸ்ரீ கிருஷ்ணன் ஆலயத்துக்கு வழக்கமாகப் போகிறவர்களுக்கு அந்தத் தெரு நன்கு பழக்கமானது.